ஆடியவர்களும் கோடு போட்டவர்களும்

மெல்போர்னில் குடியிருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் மகன் ஆடப் போகிற பேட்டை கிளப்பின் கூடத்துச் சுவர். சுவர் முழுக்க மரப்பலகைகள். பலகை முழுக்கப் பொன்னெழுத்தில் பெயர்கள். நூறு ஆட்டம் ஆடியவர்களுக்கு ஒரு பலகை, தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் ஒரு பலகை, ஆயுள் உறுப்பினர்களுக்கு ஒரு பலகை. ஆயுள் உறுப்பினர் என்றால் சந்தா கட்டிச் சேர்ந்தவர்களா என்று கேட்டேன். "பணம் கட்டினா கிடைக்காது மிஸ். வருஷக்கணக்கா சட்டை துவைச்சுப் போட்ட அம்மா, கேன்டீன்ல நின்ன பாட்டி, ஸ்கோர் எழுதின தாத்தா, இவங்களை கிளப்பே கூப்பிட்டு குடுக்குறது" என்றாள்.

அங்கே அவர்கள் ஆடுவது நாம் ஆடும் கால்பந்து இல்லை. பந்தும் முட்டை வடிவம், மைதானமும் முட்டை வடிவம். பக்கத்துக்கு 18 பேர். இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள இரண்டு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. பந்தைக் கையால் பிடிக்கலாம், முஷ்டியால் குத்தி அனுப்பலாம். மெல்போர்ன் கிளப் 1859-லேயே விதிகளை எழுதிவைத்துத் தொடங்கிய ஆட்டம் இது. இன்றைக்கு ஆஸ்திரேலியாவின் சின்னச் சின்ன ஊர்களில்கூட ஒரு கிளப் இருக்கிறது. ஆட்டம் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஆனால் அந்தச் சுவர் மனசை விட்டுப் போகவில்லை. நம்மூர் மைதானங்களில் திறப்புவிழாக் கல்வெட்டு இருக்கும். திறந்துவைத்தவர், தலைமை வகித்தவர், முன்னிலை வகித்தவர் எல்லாரும் அதில் இருப்பார்கள். ஆடினவர் பெயரை நான் எந்தக் கல்வெட்டிலும் பார்த்ததில்லை. கடலூரில் பெண்கள் கால்பந்துக்கு ஒரு பலகை எழுதினால் யார் யார் பெயர் வரவேண்டும் என்று யோசிக்கத் தொடங்கினேன். அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை.

நான் திருவந்திபுரத்துக்காரி. கெடிலம் கரையில் தேவநாத சுவாமி கோயிலும் எதிரே ஔஷதகிரி மலையும் இருக்கிற ஊர். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படித்துவிட்டு, இந்த மாவட்டத்துப் பள்ளிகளிலேயே பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கைப்பந்தும் கோ-கோவும் நான் ஆடி வளர்ந்தவை. கால்பந்தைப் பிள்ளைகளோடு சேர்ந்துதான் கற்றுக்கொண்டேன். பெண் பிள்ளைகள் அணி வெளியூர் போவதென்றால் கூட ஒரு டீச்சர் வந்தால்தான் வீட்டில் அனுப்புவார்கள். அப்படித் துணைக்குப் போகத் தொடங்கியவள், பிறகு கோட்டோரம் கொடி பிடித்தேன், அணிப் பட்டியல் எழுதினேன், முழங்காலில் மருந்து போட்டேன்.

பலகையில் முதல் பெயராக நான் எழுதுவது எஸ். மாரியப்பன். கடலூர் கால்பந்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் 'சார்'.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு, தெற்கே புதுக்குப்பம், சாமியார்பேட்டை, சிதம்பரம் பக்கம் கிள்ளை, எம்.ஜி.ஆர். திட்டு என்று இந்தக் கரை முழுக்கக் கடல் ஏறி வந்தது. மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள். பெற்றவர்களை இழந்த பிள்ளைகளும், வீடும் வலையும் படகும் போன குடும்பத்துப் பிள்ளைகளும் காப்பகங்களுக்கும் விடுதிகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளைக் கால்பந்துக்கு அழைத்து வந்தவர் மாரியப்பன். கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி அவருடைய உழைப்பால் நிற்பது. சுனாமி வீட்டுப் பிள்ளைகளோடு, கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், ஒற்றைத் தாய் வளர்க்கிற பிள்ளைகள் என்று வேறு கஷ்டங்களிலிருந்து வந்தவர்களும் அங்கே சேர்ந்தார்கள்.

விடுதிப் பிள்ளைகளுக்கு எந்த நேரம் பாரமானது என்று பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். காலையில் வகுப்பு இருக்கிறது, ராத்திரி தூக்கம் இருக்கிறது. சாயங்காலம் நாலு மணிக்கு மணி அடித்ததும் மற்ற பிள்ளைகளை அழைத்துப்போக யாராவது வாசலில் நிற்பார்கள். இவர்களுக்கு யாரும் நிற்க மாட்டார்கள். நாலரை முதல் ஆறரை வரை உள்ள அந்த நேரத்தைத்தான் மைதானம் எடுத்துக்கொண்டது. பந்து காலுக்கு வரும்போது வேறு எதையும் நினைக்க முடியாது. பக்கத்தில் ஓடுகிறவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே ஆகவேண்டும். வாய் திறக்காத பிள்ளைகள் "அக்கா, பாஸ்!" என்று கத்தியதை நான் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்ல வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் அந்தக் கத்தலை வரவழைத்தது ஆட்டம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

மாரியப்பன் சாருக்கு அடுத்து யாரை எழுதுவது? இந்தியச் சட்டை போட்டவர்களை எழுதுவதுதான் வழக்கம். நான் அடுத்ததாக ஒரு மைதானத்துப் பணியாளரை எழுதுவேன். நாங்கள் போட்டி நடத்திய மைதானம் ஒன்றில் கோடு போட்டவர். அண்ணன் என்றே எல்லாரும் கூப்பிடுவோம்.

கோடு போடுவது சின்ன வேலை என்று தோன்றும். கால்பந்து மைதானத்தில் தப்பான கோடு ஒரு ஆட்டத்தையே தப்பாக்கிவிடும். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர், பெனால்டி உதைக்கும் புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர், நடுவட்டத்தின் ஆரம் 9.15 மீட்டர், எந்தக் கோடும் 12 சென்டிமீட்டருக்கு மேல் தடிக்கக்கூடாது. இந்தத் தசம எண்களெல்லாம் அண்ணனுக்கு வேண்டாம். அவருடையது அடிக்கணக்கு. கோலுக்கு 24 அடி, உயரம் எட்டடி, பெனால்டிக்கு 36 அடி, வட்டத்துக்கு 30 அடிக் கயிறு. இங்கிலீஷ்காரன் முதலில் அளந்ததே அடியிலும் கெஜத்திலும்தான் என்பதால் அவர் கணக்கு புத்தகத்தைவிடச் சுத்தமாக இருக்கும். ஆணியில் கட்டிய கயிறு நைந்துபோன இடங்களில் முடிச்சுப் போட்டு வைத்திருப்பார். எந்த முடிச்சு எந்த அளவு என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

ஒருமுறை சுண்ணாம்புத் தூள் பட்டு ஒரு கோல்கீப்பர் பெண்ணுக்குக் கண் எரிந்து சிவந்துவிட்டது. பாய்ந்து விழும்போது முகம் கோட்டில் போய்த் தேய்ந்திருக்கிறது. அன்றிலிருந்து பெண் பிள்ளைகள் ஆட்டம் என்றால் அண்ணன் கோல் பக்கத்துக் கோடுகளைக் கோலமாவில்தான் போடுவார். மாவுக்கான காசை அவர் யாரிடமும் கேட்டதில்லை. விடிவதற்கு முன்னால் வந்து, மாடு மேய்ந்துவிட்டுப் போனதை வாரி, உடைந்த கண்ணாடித் துண்டு பொறுக்கி, கோடு போட்டுவிட்டு, ஆட்டம் தொடங்கும்போது வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வார். வெறுங்காலில் ஆடிய பிள்ளைகள் அப்போது பாதிப்பேர். கண்ணாடி குத்தி ஒரு பிள்ளைகூட அந்த மைதானத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனதாக எனக்கு நினைவில்லை.

அவருக்குப் பிறகு, சுண்டல் அவித்துக் கொடுத்த சமையலம்மாக்களையும் எழுதவேண்டும். ஓடுகிற பிள்ளைக்குச் சாயங்காலம் ஒரு கை கொண்டைக்கடலையோ முளைகட்டிய பயறோ ஒரு முட்டையோ கிடைத்தால் ஆறு மாதத்தில் ஆட்டம் மாறும். இது நான் புத்தகத்தில் படித்தது இல்லை, பிள்ளைகளின் எடையை எழுதிவைத்துப் பார்த்தது. ரத்தசோகை உள்ள பெண் பிள்ளைகள் இரண்டாம் பாதியில் நின்றுவிடுவார்கள். சோம்பல் என்று திட்டுகிற பயிற்சியாளர்கள் உண்டு. முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் தரவேண்டிய இடத்தில் திட்டு கொடுத்து என்ன பயன்?

இனி, எல்லாரும் எதிர்பார்க்கிற பெயர்கள்.

இந்துமதி கதிரேசன், 1994-ல் பிறந்த கடலூர்ப் பெண். ஆடுமிடம் மிட்ஃபீல்டு. கால்பந்து பார்த்துப் பழகாதவர்களுக்குச் சொல்கிறேன்: கோல் போடுகிறவரைத்தான் கூட்டம் தூக்கிவைத்துக் கொண்டாடும். மிட்ஃபீல்டர் நடுவில் நின்று பின்வரிசையிலிருந்து பந்தை வாங்கி, தலையை நிமிர்த்தி, முன்னால் யார் எங்கே ஓடுகிறாள் என்று பார்த்து அனுப்பவேண்டும். எதிரி பந்தோடு வந்தால் திரும்பி ஓடி மறிக்கவும் வேண்டும். அதிகம் ஓடுகிற இடம் அதுதான். இந்துமதி கோலும் போடுவார். 2019 மார்ச்சில் நேபாளத்தின் விராட்நகரில் தெற்காசியக் கோப்பை அரையிறுதி. வங்கதேசத்தை இந்தியா 4–0 என்று வென்றது. அதில் இரண்டு கோல் இந்துமதியுடையது. இறுதியில் நேபாளத்தை 3–1 என்று வென்று இந்தியா கோப்பையைத் தக்கவைத்தது.

அதற்கு முந்தைய வருடம் நடந்தது எங்களுக்கு இன்னும் பெரிது. 1991-ல் தொடங்கிய தேசிய மகளிர் சாம்பியன்ஷிப்பில் மணிப்பூர் பதினைந்து முறைக்கு மேல் வென்றிருந்தது. அந்த மாநிலத்தில் பெண் பிள்ளை பந்து உதைப்பதை யாரும் நின்று வேடிக்கை பார்க்க மாட்டார்கள், அவ்வளவு இயல்பு. அப்படிப்பட்ட மணிப்பூரை 2018 பிப்ரவரியில் ஒடிசாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் தமிழ்நாடு 2–1 என்று வென்றது. தமிழ்நாட்டுக்கு அதுதான் முதல் தேசியப் பட்டம். அந்த அணியில் கடலூர்ப் பிள்ளைகள் இருந்தார்கள். சேதி வந்த ராத்திரி எனக்கு எத்தனை போன்! யாரும் 'வணக்கம் மிஸ்' என்றுகூடச் சொல்லவில்லை, நேராக அழுகைதான். 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு இரண்டாம் முறையும் பட்டம் எடுத்தது.

இந்துமதிக்குத் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்தது. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது ஆட்டமெல்லாம் நின்றுபோக, சென்னை அண்ணாநகர்ப் பகுதியில் சீருடையோடு தெருவில் நின்று பணி பார்த்தார். கடலூரில் பெற்றோர்களிடம் நான் ஆயிரம் வாதம் வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வேலை செய்ததில் பாதிகூட என் பேச்சு செய்யவில்லை. "பொட்டப்புள்ள அரை டவுசரு போட்டுகினு ஓடுனா நாளைக்கு எவன் கட்டுவான் டீச்சர்?" என்று கேட்ட அம்மாக்களே, "எம்பொண்ணும் எஸ்.ஐ. ஆவுமா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கிராமத்துக்கு ஆட்டத்தின் அழகு பிறகுதான். முதலில் இந்த 3 சதவீதம்தான் புரியும். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

சந்தியா ரங்கநாதன் பண்ருட்டிக்காரர், 1996-ல் பிறந்தவர். விடுதியில் தங்கிப் படித்துக் கால்பந்துக்கு வந்தவர், மாரியப்பன் சாரிடம் ஆட்டம் கற்றவர். முன்வரிசை. 2019 ஏப்ரலில் மியான்மரின் மாண்டலேயில் ஒலிம்பிக் தகுதிச் சுற்று நடந்தது. மியான்மரை வென்றால்தான் அடுத்த சுற்று. சந்தியா தொடக்கத்திலேயே ஒரு கோல் போட்டார். ஆட்டம் 3–3 என்று முடிந்து இந்தியா வெளியேறியது. வென்ற கதைகளையே சொல்லிக்கொண்டிருந்தால் போதாது என்பதால் இதை எழுதுகிறேன். சொந்த மண்ணில் ஆடுகிற மியான்மருக்கு எதிராக முதலில் முன்னிலை வாங்கித் தந்தது பண்ருட்டிப் பெண்ணின் கால்.

அதே வருடம் மே மாதம் லூதியானாவில் இந்திய மகளிர் லீக் இறுதி ஆட்டத்தில் சேது எஃப்.சி. மணிப்பூர் போலீஸை 3–1 என்று வென்று பட்டம் எடுத்தது. விருதுநகர் மாவட்டம் காரியாபட்டிப் பொறியியல் கல்லூரியோடு சேர்ந்து வளர்ந்த அந்தக் கிளப்பின் அணியில் இந்துமதியும் சந்தியாவும் இருந்தார்கள்.

எங்கள் கடலூர் அகாடமியும் அந்த லீக்கில் ஆடியிருக்கிறது. 2018-ல் ஷில்லாங்கில் இறுதிக்கட்டத்துக்கு வந்தவை மொத்தம் ஏழு அணிகள். மணிப்பூரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த கிளப்புகளுக்கு நடுவே கடலூர் இந்திரா காந்தி அகாடமியும் ஒன்று. பட்டத்தை ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடண்ட்ஸ் கிளப் எடுத்தது. உப்புக்காற்றில் வளர்ந்த பிள்ளைகள் மலைக்குளிரில் போய் இந்தியாவின் ஏழு அணிகளில் ஒன்றாக நின்றார்களே, அதைப் பலகையில் தனி வரியாக எழுதவேண்டும். அகாடமியில் வளர்ந்து இந்திய அணிக்குப் போன சுமித்ரா காமராஜின் பெயரும் அந்த வரிக்கு அருகிலேயே வரவேண்டும்.

இந்தப் பெயர்களை எழுதுவது சுலபம், பத்திரிகைகளில் இருக்கின்றன. பலகையில் பெரும்பகுதி இடம் வேண்டியிருப்பது வேறொரு கூட்டத்துக்கு.

திருவந்திபுரத்தைக் கல்யாண ஊர் என்றே சுற்றுவட்டாரம் சொல்லும். ஔஷதகிரி மேல் ஹயக்ரீவர் சந்நிதி. மலையில் தாலி கட்டிக்கொள்வதற்கு எங்கெங்கிருந்தோ வருவார்கள். ஆவணி, தை முகூர்த்தங்களில் ஒரே நாளில் நூறு கல்யாணம்கூட நடக்கும். அன்று கடலூர் ரோட்டில் வேன் நகராது. அந்தக் கூட்டத்தில் என் பழைய ஆட்டக்காரிகளை மணக்கோலத்தில் பார்த்திருக்கிறேன், ஒருவர் இருவரை மட்டும் இல்லை. பி.டி. டீச்சர் என்பதால் அழைப்பிதழும் வந்துவிடும். உள்ளூர்தானே, போகாமல் இருக்க முடியாது.

ஒரு பெண். லெஃப்ட் பேக். பத்தொன்பது வயது. மாவட்ட அணியில் அவளைத் தாண்டிப் பந்து கொண்டுபோவது யாருக்கும் லேசில்லை. அவள் கல்யாணத்தில் மெட்டி போடும்போது பக்கத்தில் நின்றிருந்தேன். பூட்ஸ் முனையில் இடித்து இடித்துக் கால்விரல் நகம் கறுத்திருந்தது. கால்பந்து ஆடுகிறவர்கள் எல்லாருக்கும் வரும் கறுப்பு. மாப்பிள்ளை வீட்டு அம்மாள் அதைப் பார்த்து, "என்ன இது, அடிபட்டுதா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்று மட்டும் சொன்னாள். தான் ஆடினவள் என்று அவள் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கும் அந்த இடத்தில் சொல்லத் துணிவு வரவில்லை.

ஆண்பிள்ளை இருபத்தெட்டு வயதில் ஆட்டத்தை விட்டால் 'முன்னாள் வீரர்'. எங்கள் பிள்ளைகள் பத்தொன்பதிலும் இருபதிலும் முன்னாள் ஆகிவிடுகிறார்கள். கால்பந்தில் உடம்பும் அறிவும் சேர்ந்து பழுப்பது இருபத்தைந்துக்கு மேல்தான். இருபதைத் தாண்டியும் ஆடியதால்தான் இந்துமதியும் சந்தியாவும் தெரிகிறார்கள். அவர்களுக்குச் சமமாக, சிலர் அவர்களைவிடத் திறமையாக ஆடியவர்களும் இந்த மாவட்டத்தில் இருந்தார்கள் என்று கூடவே ஓடிய பெண்கள் சொல்வார்கள். பள்ளி முடிக்கும் வரைதான் அவர்களுக்கு அனுமதி இருந்தது. கல்யாணத்தை நான் குறை சொல்லவில்லை. மூன்று வருடம் தள்ளிவைத்தால் என்ன என்று பெற்றோர்களிடம் கெஞ்சியிருக்கிறேன். சிலர் கேட்டார்கள், பலர் கேட்கவில்லை.

அந்த லெஃப்ட் பேக் திரும்பி வந்தாள். ஒன்பது வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு வந்து, "இவளையும் சேர்த்துக்கச் சொல்லுங்க மிஸ்" என்றாள். மகள் ஓடும்போது கோட்டுக்கு வெளியே நின்று, "ஏய், லைனை விட்டு வெளியே வாடி, இடம் குடு!" என்று கத்தினாள். பதினோரு வருடம் கழித்தும் கண்ணில் ஆட்டம் அப்படியே இருந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு வெளியூர்ப் போட்டிகளுக்குப் பிள்ளைகளுடன் துணைக்குப் போவது அவள்தான். ரயிலில் பெட்டிக்கதவு ஓரம் தான் படுத்துக்கொண்டு பிள்ளைகளை உள்ளே படுக்கவைப்பது, மாதவிலக்கு நாளில் பயிற்சியாளரிடம் சொல்லக் கூச்சப்படுகிற பிள்ளைக்காகத் தான் போய்ச் சொல்வது எல்லாம் அவள் பார்த்துக்கொள்கிறாள். இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது, பதவிப் பெயரும் கிடையாது. பிள்ளைகள் 'அக்கா' என்கிறார்கள். அவளைப்போல நாலைந்து பேர் இருக்கிறார்கள். சிலர் பயிற்சியாளர் உரிமத்தின் தொடக்கப் படிகளில் ஒன்றான டி-லைசென்ஸ் எடுக்கவும், சிலர் நடுவர் தேர்வு எழுதவும் விசாரிக்கிறார்கள். எடுத்தால், டீச்சர் துணைக்கு வந்தால்தான் அனுப்புவோம் என்று சொன்ன காலம் முடியும். விசில் ஊதுகிறவளும் பெண், பயிற்சி தருகிறவளும் பெண் என்றால் வீட்டாருக்கு வேறென்ன தயக்கம்?

பெயர்களை எழுதிவைக்கவேண்டும் என்று நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்கு மரியாதை மட்டும் காரணமில்லை. வேலையும் ஒரு காரணம். விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க, எந்த வருடம் எந்தப் போட்டியில் ஆடினாய் என்பதற்குச் சான்றிதழ் வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை எல்லாரும் எழுதினார்கள். கூரை போன வீடுகளில் சான்றிதழ்களும் போயின. 2015 வெள்ளத்தில் மறுபடியும். ஒரு பெண் ஈரத்தில் ஊறி மை கரைந்த தாளோடு என் வீட்டுக்கு வந்தாள். அந்த வருடத்து அணிப் பட்டியலை நான் என் நோட்டில் எழுதிவைத்திருந்தேன். அதைக் கொண்டு, அவள் எந்தப் போட்டியில் ஆடினாள் என்று தேதியோடு சொல்லி, நகல் சான்றிதழ் கேட்டு மனு எழுத முடிந்தது. நோட்டு இல்லாத வருடங்களில் ஆடியவர்கள் என்ன செய்வார்கள்?

இன்னொரு சிக்கலும் உண்டு. நம்மூரில் பெண்ணுக்குக் கல்யாணமானதும் இனிஷியல் மாறிவிடும். அப்பா எழுத்தில் ஆடியவள் கணவர் எழுத்தில் ஆதார் வைத்திருப்பாள். ஒரே பெயரில் மூன்று பேர் ஆடியிருந்தால் யார் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆண்கள் அணியின் பழைய பட்டியலை எடுத்து ஆளைத் தேடிப் பிடிக்கலாம். பெண்கள் அணியின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலையவேண்டும்.

இது நம்மூரில் மட்டும் நடக்கிற மறதி இல்லை. இங்கிலாந்தில் கால்பந்துச் சங்கம் 1921-ல் பெண்களைத் தன் மைதானங்களிலிருந்து விலக்கிவைத்தது. 1971 வரை அந்தத் தடை இருந்தது. இந்தியாவில் 1980 தொடக்கத்தில் கோழிக்கோட்டில் பெண்கள் ஆசியச் சாம்பியன்ஷிப் நடந்து, இந்தியா இறுதி ஆட்டம் வரை வந்தது. 1983-ல் பாங்காக்கிலும் இறுதிக்கு வந்தது. அந்த அணிகளில் ஆடியவர்களில் ஒருவர் பெயராவது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை இந்தியாவில் நடந்தபோது இந்துமதி அணியில் இருந்தார். ஈரானோடு 0–0 என்று ஒரு ஆட்டம் முடிந்ததுமே அணிக்குள் கொரோனா பரவி, அடுத்த ஆட்டத்துக்கு ஆள் சேராமல் இந்தியா விலக நேர்ந்தது. பிறகு 2025 ஜூலையில் சியாங்மாயில் தாய்லாந்தை 2–1 என்று வென்று, முதல்முறையாகத் தகுதிச்சுற்றில் ஜெயித்தே இந்தியப் பெண்கள் 2026 ஆசியக் கோப்பைக்குத் தேர்வானார்கள். அந்தப் போட்டிக்கான இடம் ஆஸ்திரேலியா. இந்தியாவின் பிரிவில் ஜப்பான், வியட்நாம், சீன தைபே. சேதி கேட்டு மெல்போர்ன் மாணவி போன் செய்து, "மிஸ், நம்ம பசங்க இங்க வர்றாங்க" என்று கத்தினாள். அவளும் பள்ளியில் ரைட் விங் ஆடியவள்தான். அவள் பெயரும் என் நோட்டில் இருக்கிறது.

பலகைக்கு மரமும் பெயிண்டரும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பெயர்கள் வேண்டும். நீள நோட்டு ஒன்றில் கட்டம் போட்டுத் தொடங்கியிருக்கிறேன்: பெயர், கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியல், இப்போதைய இனிஷியல், ஊர், பள்ளி அல்லது விடுதி, ஆடிய இடம், ஆடிய வருடங்கள். கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம், நெய்வேலி, சிதம்பரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று எங்கே ஆடியிருந்தாலும், ஒரே ஒரு சீசன் ஆடியிருந்தாலும், மாற்று ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் அதில் இடம் உண்டு. அணிப் படம் வைத்திருப்பவர்கள் பின்பக்கத்தில் பென்சிலால் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதிவையுங்கள். பேனா மை படத்தின் முன்பக்கம் ஊறிவிடும். நிற்கிறவர்கள், உட்கார்ந்திருக்கிறவர்களோடு, ஓரத்தில் பந்துப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர் பெயரையும் கேட்டு எழுதுங்கள்.

கடைசிப் பக்கங்களை மைதானத்து வேலை பார்த்தவர்களுக்காக விட்டிருக்கிறேன். கோடு போட்ட அண்ணன் காலமாகிப் பல வருடமாகிறது. அவர் முழுப்பெயரைப் பழைய சம்பளப் பதிவேட்டில் பார்த்துச் சொல்வதாக அவருடைய மருமகள் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் போய்க் கேட்கவேண்டும்.